அட்டப்பாடியின் அடுப்புகள்

கோவையை அடுத்து, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ளது அட்டப்பாடி. இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடி மக்கள் வாழும் மலைப்பகுதி. 2013-ஆம் ஆண்டு இங்கு பச்சிளம் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது நாடே அதிர்ந்தது. தாய்மாரின் சத்துக்குறைவும் இரத்தசோகையும் முக்கிய காரணங்கள் எனத் தெரியவந்தது.

இந்நிலை எப்படி வந்தது? 1951-இல் அங்கு பத்தில் ஒன்பது பேர் பழங்குடியினர். பின்னர் வெளியார் குடியேற்றம் பெருகியது, நிலம் கைமாறியது. ராகி, சாமை, தினை விளைந்த நிலத்தோடு அந்த உணவும் போயிற்று. ரேஷன் அரிசியே கதியானது.

2013-க்குப்பின் சமூக சமையற்கூடங்கள் திறக்கப்பட்டன. குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்களில் இணைந்த ஊர்ப் பெண்களே பொறுப்பேற்று, கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியோருக்குச் சமைத்தனர். தரிசாகக் கிடந்த நிலங்களில் மீண்டும் சிறுதானியம் விதைத்தனர். ஆனாலும் 2021-இலும் குழந்தை இறப்புகள் நிகழ்ந்தன. அடுப்பு மட்டும் போதாது. நிலமும் மருத்துவமும் வேண்டும் என்பதை அவை உணர்த்தின.

பாலைநிலத்தில் இயேசு, சீடர்களிடம் எத்தனை அப்பங்கள் உள்ளன என்று முதலில் பார்த்துவரச் சொன்னார். மக்களைக் குழு குழுவாக அமரச் செய்தார். இருந்ததிலிருந்தே எல்லாருக்கும் கிடைத்தது. பழங்குடியினரின் நிலத்தைப் பாதிக்கும் திட்டங்களில் அவர்களே முதன்மையாகக் கலந்துபேசப்பட வேண்டியவர்கள் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலில் எழுதினார்.

தவக்காலத்தில் அரிசி மூட்டையோடு மலையேறும் நம் பங்குகள், அதை இறக்கிவைக்கும் முன் அம்மக்களோடு அமர்ந்து கேட்கட்டும்: உங்கள் நிலத்தில் எது விளைந்தது? அது மீண்டும் விளைய நாங்கள் என்ன செய்யலாம்?