அபராதச் சீட்டும் ஆபத்துக் காலமும்

2024 ஜூலைத் திங்கள். இடம் வயநாடு. ஒரே மாதம், ஒரே மாவட்டம், காட்சிகள் இரண்டு.

மாதத்தின் முற்பாதியிலே முதற் காட்சி. கூரை இல்லை, எண்பலகை இல்லை. பருத்த சக்கரம் உண்டு, பகட்டு உண்டு. உருமாற்றப்பட்ட ஜீப் ஒன்று நடுச்சாலையிலே பவனி வருகிறது. படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டுகிறார்கள். கேரள உயர்நீதிமன்றம் வரையில் விஷயம் போகிறது. இப்படிப்பட்ட வண்டிகளை விட்டுவைப்பதா என்று நீதிபதிகள் சீறுகிறார்கள். சீறினார்களே என்று நமக்கு வருத்தமில்லை. சீற வேண்டிய இடத்திலேதான் சீறினார்கள்.

இரண்டாம் காட்சி, அதே மாதம் 30ஆம் நாள், பொழுது விடியுமுன். மேப்பாடிக்கு மேலே மலை சரிந்தது. முண்டக்கை, சூரல்மலை என்ற பெயர்கள் அதுவரை எத்தனை பேருக்குத் தெரியும்? அன்று நாடெங்கும் தெரிந்தது. பாலம் போயிற்று, பாதை போயிற்று, இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இராணுவம் வந்து 190 அடி நீள இரும்புப் பாலத்தைக் கட்டி முடிக்க ஆகஸ்டு முதல் நாள் மாலை ஆயிற்று. சேறும் பாறையுமாகக் கிடந்த அந்த மண்ணிலே ஆளையும் சோற்றையும் ஏற்றிச் சென்ற வண்டிகளிலே, சடலங்களைச் சுமந்து வந்த வண்டிகளிலே, கரடுமுரடான பாதைக்கென்றே மாற்றியமைத்த ஜீப்புகளும் இருந்தன. "எந்தச் சட்டப் பிரிவைப் பார்த்து இந்தச் சக்கரத்தை மாட்டினாய்?" என்று அன்று எவரும் கேட்கவில்லை. கேட்க மனம் வருமா? கேட்டால் வாய்தான் கூசாதா? 2018 ஆகஸ்டுப் பெருவெள்ளத்திலும் அந்த நாட்டிலே இதே கதைதான்.

மாதத் தொடக்கத்திலே குற்றவாளி, மாத முடிவிலே காவலன்! சக்கரம் மாறவில்லை, தோழர்களே, சந்தர்ப்பம் மாறிற்று.

அப்படியானால் உருமாற்றம் நல்லதுதானே, ஆளுக்கொரு ராட்சச டயர் மாட்டிக்கொள்ளட்டுமே என்று துள்ளி எழும் இளைஞர்களைக் கொஞ்சம் அமரச் சொல்கிறோம். அவர்களிடம் பேச வேண்டியதே அதிகம். அதிகாரிகளிடம் பிறகு வருவோம்.

மாருதி ஜிப்ஸியை எடுத்துக்கொள்வோம். 1985இல் வந்த வண்டி. இராணுவத்திலும் காட்டிலாகாவிலும் உழைத்த வண்டி. இப்போது தயாரிப்பு நின்றுவிட்டது என்றாலும் மலையேறும் பிரியர்களின் செல்லப்பிள்ளை. அதன் சொந்தச் சக்கரம் டயரோடு சேர்த்து ஏறக்குறைய 26 அங்குல உயரம். அதைக் கழற்றி எறிந்துவிட்டு 31 அங்குலச் சக்கரத்தை மாட்டுகிறார்கள். "ஐந்து அங்குலம் உயர்ந்துவிட்டேன்!" என்று மீசை முறுக்குகிறார்கள். உயர்ந்தது ஐந்தா? சக்கரத்தின் நடுவிலேதானே ஆக்சில் இருக்கிறது! ஐந்திலே பாதி மேலே, பாதி கீழே. ஆக்சிலின் அடிவயிறு தரையிலிருந்து எழும்பியது இரண்டரை அங்குலம். ஐந்துக்குப் பணம் கட்டி இரண்டரை வாங்கி வந்த கெட்டிக்காரத்தனம் இது.

போகட்டும். அந்த இரண்டரைக்கு என்ன விலை?

வண்டியிலே வேகம் காட்டும் முள், சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பதைக் கணக்கிட்டுத்தான் வேகம் சொல்கிறது. சக்கரம் பெருத்துவிட்டது என்பது அந்த முள்ளுக்குத் தெரியாது. அது பழைய கணக்கையே சொல்லும். முள் 60 என்னும்போது வண்டி 70ஐத் தாண்டியிருக்கும். ஓட்டுகிறவன் பொய் சொல்லவில்லை. அவன் எதிரேயுள்ள கருவி பொய் சொல்கிறது. பள்ளிக்கூட வாசலிலே 30 என்று நம்பி 35இல் போகிறவனை என்ன சொல்வது?

இனி, பிரேக். பிரேக் அதே பிரேக்தான், ஒரு துளி வளரவில்லை. ஆனால் அது பிடித்து நிறுத்த வேண்டிய சக்கரம் வளர்ந்துவிட்டது. நீளமான கைப்பிடியைக் கொண்டு இறுகிய திருகைச் சுலபமாகத் திருப்புகிறோம் அல்லவா? அதே வித்தை இங்கே எதிராளியின் கையிலே! தரையிலே பிரேக்கின் பிடி நூற்றுக்குப் பதினைந்து பதினாறு குறைந்துபோகிறது. அதற்கு மேல், பெரிய டயரின் சொந்த எடை வேறு. ஒருமுறை சுழலத் தொடங்கிவிட்டால் அடங்க மறுக்கும் எடை. இஞ்சினுக்கும் அதே கதி. ஏற்றத்திலே இழுக்கும் வலிமை அதே அளவு குறைகிறது. மலையேறுவதற்காக மாட்டிய சக்கரம் மலையேறும் வலிமையைத் தின்கிறது. வேடிக்கை அல்லவா? அதைச் சரிக்கட்ட ஆக்சிலுக்குள்ளே இருக்கும் கிரவுன் பினியனைப் பற்களின் கணக்குப் பார்த்து மாற்ற வேண்டும். பணம் பிடிக்கும் வேலை; வெளியே தெரியாத வேலை. வெளியே தெரியாததால் பலர் அதைச் செய்வதில்லை. டயர் ஊருக்குத் தெரிகிறது, பல்சக்கரம் யாருக்குத் தெரிகிறது?

உடம்பு குறுகிய வண்டி. அதை ஸ்பிரிங் பட்டை சேர்த்து மேலும் தூக்குகிறார்கள். தலை கனத்த வண்டி வளைவிலே சாயும் என்பதற்குப் பொறியியல் படிக்க வேண்டியதில்லை. தலையிலே பானை சுமந்து நடந்தவர்களைக் கேட்டால் போதும். சக்கரத்தை வெளியே தள்ளி மாட்டுகிறார்கள். மட்கார்டைத் தாண்டி நீட்டிய டயர், பின்னால் சைக்கிளிலே வருகிறவன் முகத்திலே கல்லையும் சேற்றையும் வாரி இறைக்கிறது. உள்ளே பேரிங்கு தேய்கிறது. எல்லாவற்றையும்விட நமக்கு நெஞ்சு பதறுவது வேறொன்றிலே. வண்டி உயர உயர, பானட்டுக்கு முன்னே இருக்கும் குருட்டுப் பகுதியும் வளர்கிறது. அங்கே ஒரு குழந்தை நின்றால் தெரியாது.

1941இலே வில்லிஸ் ஜீப் போர்க்களம் போனபோது அது எந்த டயரிலே போயிற்று தெரியுமா? ஆறே அங்குல அகலம்! உயரம் ஏறத்தாழ 28 அங்குலம். அந்த ஒல்லிச் சக்கரத்தோடுதான் பாலைவனத்தையும் சேற்றையும் கடந்தது. பிற்பாடு மகிந்திரா நிறுவனம் பம்பாயிலே பூட்டத் தொடங்கியதும் அந்த ஜீப்பைத்தான். இன்றைக்கும் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளைப் போய்ப் பாருங்கள். மலையுச்சித் தேயிலைத் தோட்டம் நம் தேனி மாவட்டத்து மண். வண்டிப்பாதையோ கேரளத்து இடுக்கி வழியே. 7,000 அடிக்கு மேலே, உருண்ட பாறைகளை அடுக்கியதுபோல ஒரு பாதை. ஜீப்பைத் தவிர வேறெதுவும் ஏறாது. அங்கே ஏறி இறங்கும் ஜீப்புகளிலே பெரும்பாலானவை சாதாரண அளவு டயரிலேதான் ஓடுகின்றன. நான்கு சக்கரமும் இழுக்கும் கியர், இறக்கத்திலே பிரேக்கை நம்பாமல் முதல் கியரை நம்பும் கால், எந்தக் கல்லின்மேல் எந்தச் சக்கரத்தை வைப்பது என்றறிந்த கண் — அவர்களுடைய உருமாற்றம் இவ்வளவுதான். மணலிலும் சேற்றிலும் மாட்டினால் டயரின் காற்றை முப்பது பவுண்டிலிருந்து பதினைந்து, பதினெட்டுக்கு இறக்கினாலே போதும். டயர் தட்டையாகி நீளமாகத் தரையைப் பற்றிக்கொள்ளும். சாலைக்குத் திரும்பியதும் மறவாமல் அடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. காசில்லாத இந்த வித்தையைக் கற்குமுன் ஒன்றரை இலட்சத்துக்குச் சக்கரம் வாங்குவானேன்?

இவ்வளவும் சொன்ன பிறகு அதிகாரிகளிடம் வருகிறோம். "நன்றாகச் சொன்னீர், அதனால்தானே தடை!" என்று அவர்கள் கை நீட்டக்கூடும். அந்தக் கையைக் குலுக்க நாம் தயாராக இல்லை.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்தவர் முதலிலே குறித்த விவரங்களுக்குப் பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கிலே, 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அதை அழுத்தந்திருத்தமாக உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம் தண்டனையையும் எழுதிற்று: அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முன்பம்பருக்கு முன்னே முட்டித் தள்ளும் இரும்புக் கம்பி கட்டுவதற்கு 2017 டிசம்பரிலேயே தடை போட்டார்கள்; அந்தத் தடை நியாயம், நடந்து போகிறவன் காலை முறிக்கும் கம்பி அது.

சட்டத்தின் கதவு முழுக்க மூடியா கிடக்கிறது? இல்லை. பெட்ரோல் வண்டியை எரிவாயு வண்டியாக்க வழி உண்டு. சோதனை உண்டு, சான்று உண்டு. கால் இயலாத ஒருவர் கையாலே ஓட்டும்படி வண்டியை மாற்றிக்கொள்ள வழி உண்டு. நல்ல காரியம், வாழ்த்துகிறோம். ஆக, காரணம் நியாயமாக இருந்து, சோதனையும் ஒழுங்காக நடந்தால் மாற்றலாம் என்று இந்தச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. மலைக்கிராமத்துக்கு நோயாளியை ஏற்றிப்போகும் ஜீப்பின் காரணம் மட்டும் எதிலே குறைந்துவிட்டது?

ஐஸ்லாந்து என்றொரு நாடு இருக்கிறது. சின்னஞ்சிறு நாடு, மக்கள் தொகை நம் ஊர் ஒன்றுக்குள் அடங்கிவிடும். பனிப்பாறையும் எரிமலையும் அடுத்தடுத்து இருக்கும் மண். அங்கே 38 அங்குலம், 44 அங்குலம் என்று சக்கரம் மாட்டிய ஜீப்புகள் பகிரங்கமாகப் பொதுச் சாலையிலே ஓடுகின்றன. காற்றை மூன்று நான்கு பவுண்டுக்கு இறக்கிப் பனிமேலே மிதந்து போகின்றன. பனியிலே சிக்கியவர்களை மீட்கும் தொண்டர்களின் வண்டிகள் அவை. மாற்றிய வண்டி தனிச் சோதனைக்கு வர வேண்டும், தேற வேண்டும்; தேறினால் சாலைக்கு வரலாம். அவ்வளவு தாராளம் காட்டுகிற அதே நாடு, பனி மூடாத வெற்று மண்ணிலே பாதையை விட்டுச் சக்கரத்தை இறக்கினால் பெருந்தொகை அபராதம் போடுகிறது. பாசி முளைக்கப் பல்லாண்டு ஆகுமாம், அதை ஒரு டயர் அழிக்கலாகாதாம்! டயரின் அளவைப் பார்த்து மிரளவில்லை அந்த நாடு. அந்த டயரைக்கொண்டு நீ என்ன செய்கிறாய், அதை நிறுத்த உன்னால் முடியுமா என்று கேட்கிறது.

நாமும் அதையே கேட்கச் சொல்கிறோம். மலைப் பகுதிகளிலே ஓடும் நான்கு சக்கர இழுவை வண்டிகளுக்கு, மீட்புப் பணிக்குப் பெயர் கொடுத்த வண்டிகளுக்கு, எந்த வண்டியிலே எத்தனை அங்குலம் வரை என்று வரம்பு கட்டுங்கள். வேகமுள்ளைத் திருத்தாமல் வராதே என்று சொல்லுங்கள். பாரம் ஏற்றி, இறக்கத்திலே விட்டு, பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பாருங்கள். தேறினால் பதிவுச் சான்றிலே எழுதிக் கொடுங்கள். காப்பீட்டுக்காரர் பிற்பாடு "இது அனுமதியில்லாத மாற்றம்" என்று கையை விரிக்காதிருக்க அந்த எழுத்து உதவும். தேறாதவன் பழைய சக்கரத்துக்குத் திரும்பட்டும். கடற்கரைச் சாலையிலே பவனி வருவதற்காக மாட்டியவனுக்கு 5,000 என்ன, ஐந்து மாற்றம் செய்திருந்தால் 25,000 போடுங்கள். நாம் குறுக்கே நிற்கமாட்டோம்.

"சோதனை என்று ஒன்று வைத்தால் அங்கே இன்னொரு கை நீளுமே?" என்று ஒரு நண்பர் கேட்டார். நீளலாம். இன்றைக்கு நீளவில்லையா? மூடிய கதவுக்கு முன்னே நீளும் கைக்குத்தான் கூலி அதிகம்.

இப்போது நடப்பது என்ன? தகுதிச் சான்று வாங்கும் நாளுக்கு முந்தின இரவு பட்டறையிலே ஜாக்கி ஏறுகிறது. 31 அங்குலம் கழற்றப்பட்டுக் கொட்டகை ஓரத்திலே சாய்த்து வைக்கப்படுகிறது. மூலையிலே கிடந்த 26 அங்குலம் தூசு தட்டி மாட்டப்படுகிறது. காலையிலே வண்டி தேறுகிறது. மாலையிலே பழையபடி ஜாக்கி ஏறுகிறது. பெரிய சக்கரம் திரும்ப வந்து அமர்கிறது. வண்டி ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைப்பாதைக்குப் போகிறது. அதிகாரி மிதித்துப் பார்த்த பிரேக், கழற்றி வைக்கப்பட்ட சக்கரத்தின் பிரேக்.