சுவரில் ஓடும் ரயில்: இரசனையா, முதலீடா?

அடர்சிவப்பும் எலுமிச்சை மஞ்சளுமாகத் தட்டையான வண்ணங்கள். தடித்த கறுப்புக் கோடுகள். நடுவே நெடிய புகைபோக்கியுடன் ஒரு பழைய நீராவி எஞ்சின். பிரிட்டனின் பழைய ரயில் நகைச்சுவைத் திரைப்படங்களைப் பாப் ஆர்ட் பாணியில் தீட்டிய அச்சோவியங்கள் இன்று இணையக் கடைகளில் விற்பனைக்கு வருகின்றன. அடியில் ஓவியரின் கையொப்பமும், நூறு பிரதிகளில் இது எத்தனையாவது என்னும் எண்ணும் இருப்பதுண்டு. ‘இது நல்ல முதலீடு’ என்ற விற்பனைச் சொல்லும் சில வேளைகளில் கூடவே வரும். அந்தச் சொல்லோடுதான் எனக்கு உடன்பாடு இல்லை. இவ்வோவியங்கள் வாங்கத் தக்கவையே. ஆனால் அவற்றுக்குக் கொடுக்கும் பணத்தைச் சேமிப்பு என்று கணக்கெழுதுவது தகாது.

இவ்வகைப் படங்களுள் இரண்டு பெரிதும் நினைக்கப்படுபவை. 1937-இல் மார்செல் வார்னெல் இயக்கிய ‘ஓ, மிஸ்டர் போர்ட்டர்!’ ஒன்று. எந்த வேலையிலும் நிலைக்காத ஒருவர், உறவினரின் சிபாரிசால், வட அயர்லாந்தின் ஆளரவமற்ற ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மாஸ்டராக வந்து சேர்வதே கதை; நாயகர் வில் ஹே. மற்றொன்று, 1953-இல் ஈலிங் ஸ்டூடியோ தயாரித்து, சார்லஸ் கிரைட்டன் இயக்கிய ‘தி டிட்ஃபீல்ட் தண்டர்போல்ட்’. ஈலிங் நகைச்சுவைப் படங்களுள் முதல் வண்ணப்படம் இதுவே. மூடப்படவிருந்த கிளைப்பாதையை ஊர்மக்களே ஏற்று நடத்துகிறார்கள். போட்டிக்கு நின்ற பேருந்து முதலாளிகளின் சூழ்ச்சியால் ரயில் நின்றுபோக, அருங்காட்சியகத்திலிருந்த எஞ்சினையே தண்டவாளத்தில் இறக்குகிறார்கள். அவ்வேடத்தை ஏற்றது 1838-இல் கட்டப்பட்ட ‘லயன்’ என்னும் உண்மையான எஞ்சின்.

இத்தகைய காட்சிகளுக்குப் பாப் ஆர்ட் பொருந்துவதில் வியப்பில்லை. விளம்பரம், திரைப்படம், சித்திரக்கதை என அன்றாடம் கண்ணில் பட்டு மறையும் படங்களையே கலைக்கு மூலப்பொருளாக எடுத்துக்கொண்ட இயக்கம் அது. பிரிட்டிஷ் ஓவியர் ரிச்சர்ட் ஹாமில்டன் 1957-இல் எழுதிய ஒரு கடிதத்தில் அதன் இயல்புகளைப் பட்டியலிட்டார். வெகுமக்களுக்கானது, நிலையற்றது, மலிவானது, பெருமளவில் உற்பத்தியாவது என்பன அவற்றுள் சில. ஆண்டி வார்ஹால் 1962-இல் மர்லின் மன்றோவின் முகத்தைத் திரை அச்சில் மீண்டும் மீண்டும் பதித்தபோது, அதற்கு மூலமாக இருந்ததும் ஒரு திரைப்பட விளம்பரப் புகைப்படமே. ஆக, அருமையைக் காட்டி விலையேற்றுவதற்காகப் பிறந்த கலையன்று இது. பெருக்கத்தையே தன் பொருளாகக் கொண்ட கலை. அதையே எண்ணிட்டு, ‘இனி கிடைக்காது’ என்று விற்பதில் ஒரு முரண் இருக்கிறது.

அந்த எண்ணின் பொருளை வாங்குபவர் சற்று ஆராய வேண்டும். செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிடும் முறையில், பிரதிகள் பெருகப் பெருகத் தகடு தேயும், கோடுகள் மங்கும். அங்கே பிரதிகளின் எண்ணிக்கைக்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்று இருந்தது. இன்றைய அச்சோவியங்களில் பல, கணினிக் கோப்பிலிருந்து உயர்தர இங்க்ஜெட் இயந்திரத்தில் எடுக்கப்படுபவை. கோப்பு தேய்வதில்லை. நூறோடு நிறுத்துவது வெளியிடுபவரின் வாக்குறுதி மட்டுமே. அதே படம் வேறோர் அளவிலோ வேறொரு வண்ணத்திலோ புதிய வரிசையாக வெளிவருமா என்பதை அந்த எண் சொல்லாது.

முதலீடு என்றால் வேறு சில கேள்விகளும் எழும். வைப்புத்தொகையை அவசரத்துக்கு முறித்துக்கொள்ளலாம்; பங்கின் விலையை அன்றாடம் பார்க்கலாம். அச்சோவியத்துக்கு அன்றாட விலை கிடையாது. அதை விரும்பும் இன்னொருவர் அகப்படும் வரை அது பணமாகாது. ஏலத்தில் விற்றால் தரகு உண்டு. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அனுப்புகூலியும் சுங்கவரியும் அடக்கவிலையில் சேரும். வெயில் பட்டால் வண்ணம் வெளுக்கும். ஈரம் பட்டால் தாள் பூஞ்சை பிடிக்கும். திரைப்படத்தின் பெயரையும் காட்சியையும் பயன்படுத்த உரிமை பெற்றே அச்சிட்டார்களா என்பதும் கேட்டறிய வேண்டியது.

‘வார்ஹாலின் அச்சோவியங்கள் இன்று பெருந்தொகைக்கு விற்கின்றனவே!’ என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அவற்றுக்கு விலை வந்தது எண்ணிட்டதனால் அன்று. கலை வரலாற்றில் அவருக்குக் கிடைத்த இடத்தினால். அந்த இடம் யாருக்குக் கிடைக்கும் என்பதை வாங்கும் நாளில் எவரும் அறியார். வென்ற பெயர்களே நம் காதில் விழுகின்றன. விலை போகாமல் பரணில் கிடக்கும் பிரதிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இவ்விஷயத்தில் ‘டிட்ஃபீல்ட்’ படமே நமக்கு ஒரு தெளிவைத் தருகிறது. ஊர்மக்களின் ரயிலுக்குப் பணம் போடுபவர், ஸ்டான்லி ஹாலோவே நடித்த வாலண்டைன் என்னும் செல்வந்தர். மதுக்கடை திறக்கும் நேரத்துக்குக் காத்திராமல், ஓடும் ரயிலில் காலையிலேயே குடிக்கலாம் என்பதுதான் அவரை இணங்க வைக்கிறது. நோக்கம் உயர்ந்ததன்று, ஆனால் கணக்கு நேர்மையானது. தம் பணத்துக்கு ஈடாகத் தமக்கு என்ன கிடைக்கிறது என்பதை அவர் அறிவார். அது முதல் பயணத்திலேயே கைக்கு வந்துவிடுகிறது.

இக்கதைக்குத் தூண்டுதலாக இருந்தது ஓர் உண்மை நிகழ்வு. வேல்ஸ் நாட்டின் டாலிலின் என்னும் சிறு ரயில்பாதை மூடப்படும் நிலையில் இருந்தபோது, 1951-இல் தன்னார்வலர்கள் அதை ஏற்றனர். சந்தாவும் உழைப்பும் தந்த அவர்கள் இலாபப் பங்கை எதிர்பார்க்கவில்லை. அந்த ரயில் இன்றும் ஓடுகிறது. மாறாக, ‘ஓ, மிஸ்டர் போர்ட்டர்!’ படத்தில் ‘கிளாட்ஸ்டன்’ என்ற பெயரில் வந்த எஞ்சின் 1941-இல் உடைக்கப்பட்டது. இன்று அது படத்தில் மட்டுமே உயிரோடிருக்கிறது. இரண்டையும் நினைவில் இருத்துவதற்கு ஓர் அச்சோவியம் நல்ல துணை. காலையில் அதைக் கண்டு புன்னகைக்க முடிந்தால், கொடுத்த விலைக்குரிய பயன் அன்றே வந்துவிட்டது.

ஆகவே, வாங்க விரும்புவோர் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்ளலாம்: இதை இனி ஒருபோதும் விற்க முடியாது என்றாலும் இந்த விலைக்கு வாங்குவேனா? ‘ஆம்’ என்றால், மாதச் செலவு போக மிஞ்சிய பணத்தில், அவசர நிதியைத் தொடாமல் வாங்குங்கள். வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். ‘இல்லை’ என்றால், நூறு பிரதிகளில் அது முதலாவதாகவே இருந்தாலும் விட்டுவிடுங்கள்.