மஞ்சள் பையின் ஆயுள் கணக்கு

கடையில் இரண்டு பைகள் தொங்குகின்றன. ஒன்று பிளாஸ்டிக், மற்றொன்று பருத்தித் துணி. எது நல்லது என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடத் துணிப்பையைக் காட்டும். ஆனால், 'எத்தனை தடவை எடுத்துப் போவீர்கள்?' என்ற கேள்விக்கு விடை தெரியாமல் இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல முடியாது.

பிறப்பு முதல் இறப்பு வரை

ஒரு பொருள் பூமிக்குச் செய்யும் கேட்டை, அது குப்பையில் விழும்போது மட்டும் பார்த்தால் போதாது. மூலப்பொருள், உற்பத்தி, போக்குவரத்து, உபயோகம், குப்பை என அதன் ஆயுள் முழுவதையும் கணக்கெடுக்க வேண்டும். அமெரிக்காவின் கோக்கோ கோலா கம்பெனி தன் பானத்தை அடைக்க ஏற்ற கலம் எது என்று அறிய 1969-ல் இத்தகைய ஆராய்ச்சியை நடத்தச் செய்தது. 1997-ல் இதற்கென ஐ.எஸ்.ஓ. 14040 என்ற சர்வதேசத் தரவிதியும் வந்தது.

131 தடவை!

இந்தக் கணக்கில் பொருள்களை ஒப்பிடுமுன், அவை செய்யும் வேலை ஒன்றாக இருக்க வேண்டும். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் துறை 2011-ல் வெளியிட்ட ஆராய்ச்சி, ஒரு மாதச் சாமான்களை வீட்டுக்குக் கொண்டு செல்வதை அந்த வேலையாக எடுத்துக்கொண்டது. முடிவு என்ன? ஒரே தடவை உபயோகித்து எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையோடு புவி வெப்ப விஷயத்தில் சமமாவதற்கே, பருத்திப் பையை 131 தடவை உபயோகிக்க வேண்டும். வாரம் ஒரு முறை என்றால் இரண்டரை ஆண்டு! பருத்திக்கு உரம், தண்ணீர், ஆலைக்கு மின்சாரம். பையின் எடையும் அதிகம்.

விட்டுப் போனது எது?

அப்படியானால் பிளாஸ்டிக்தான் உத்தமமா? அவசரம் கூடாது. 131 என்பது வெப்பக் கணக்கு மட்டுமே. தெருவில் எறியப்படும் பையினால் வரும் கேடு அந்த ஆராய்ச்சியில் சேரவில்லை. சாக்கடை அடைபட்டு மழைநீர் வீட்டுக்குள் புகும் ஊரில், மாட்டின் வயிற்றில் பிளாஸ்டிக் சேரும் ஊரில், அதை எப்படி விட்டுவிட முடியும்? எந்தக் கணக்கைக் காட்டினாலும் அதன் எல்லை எது என்று கேட்பதே அறிவுடைமை.

எனவே, தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒரு தடவை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது சரியே. 2021 டிசம்பரில் தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் சரியே.

ஆனால் கல்யாணத்துக்கு ஒன்று, கடைத் திறப்புக்கு ஒன்று, மாநாட்டுக்கு ஒன்று என்று புதுப்பைகளை வழங்கி, அவை அலமாரியில் மூட்டையாகக் கிடந்தால் என்ன லாபம்? பூமிக்குப் பாரம் ஏறியதுதான் மிச்சம். எத்தனை பை வழங்கினோம் என்று பெருமை பேசுவோர், அவற்றில் எத்தனை கடைவீதிக்கு வருகின்றன என்று பார்க்கட்டும்.

அந்தக் காலத்துப் பாட்டிமார் மஞ்சள் பை கிழிந்தால் தைத்தார்கள். தைக்க முடியாதபோது அதை அடுப்படியில் கரித்துணி ஆக்கினார்கள். ஆயுள் கணக்கை அவர்கள் படித்ததில்லை, வாழ்ந்து காட்டினார்கள். புதுப்பை வாங்குவதில் புண்ணியம் ஏதுமில்லை. பழைய பையை மறக்காமல் எடுத்துப் போவதில்தான் இருக்கிறது.