டிபி மாத்திரையோடு தரும் சின்ன வைட்டமின் எதற்கு? ஆன்டிபயாடிக் மூளையைப் பாதிக்குமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை, ஆரம்பாக்கத்தில் வாடகை அறை. இருமல் நிற்காமல் போய் டிபி என்று தெரிந்தால், அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம். சர்க்கரை நோயாளிகள், மது குடிப்பவர்கள், கர்ப்பிணிகள் போன்றோருக்கு கூடவே 'பைரிடாக்சின்' என்ற பி6 வைட்டமினும் தருவார்கள். வெறும் சத்து மாத்திரைதானே என்று அதை ஒதுக்கிவிட்டால் சிக்கல்.

காரணம், டிபி கிருமியைக் கொல்லும் ஐசோனியாசிட் உடலில் உள்ள பி6-ஐ முடக்கிவிடும். மூளை செல்களுக்கு 'பிரேக்' போல இருக்கும் காபா என்ற ரசாயனம் உருவாக பி6 வேண்டும். அளவு மீறி ஐசோனியாசிட் உள்ளே போனால் வலிப்பு வருவது இதனால்தான். அப்போது மருத்துவர்கள் ஏற்றும் முறிவு மருந்தும் அதே பி6தான்! வழக்கமான அளவிலேயே சிலருக்கு கால் எரியும், மரத்துப்போகும்.

சென்னை கண்டுபிடித்தது

இதை மனிதர்களிடம் முறையாகச் சோதித்ததில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 1956ல் தொடங்கிய காசநோய் மருந்து சிகிச்சை மையம் (சேத்துப்பட்டில் உள்ள இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்), ஐசோனியாசிட்டை அதிக அளவில் எடுத்த நோயாளிகளுக்கு தினமும் வெறும் 6 மில்லிகிராம் பி6 கொடுத்துப் பார்த்தது. நரம்பு பாதிப்பைத் தடுக்க அதுவே போதுமானதாக இருந்தது. முடிவுகள் 1963ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியாகின.

இப்போது ஆய்வகத்தில் எலியின் மூளை செல்களையோ, ஸ்டெம் செல்லில் இருந்து உருவாக்கிய மனித நரம்பு செல்களையோ தட்டில் வளர்த்து, மருந்து பட்டதும் அவற்றின் மின் துடிப்பு எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம். ஆனால் தட்டுக்கு சிறுநீரகம் கிடையாதே! செஃபிபைம் ஊசி, சிறுநீரகம் பழுதானவர்களிடம் வெளியேறாமல் தேங்கி வலிப்பை உண்டாக்கலாம் என்று அமெரிக்காவின் எஃப்டிஏ 2012ல் எச்சரித்தது, அந்த மருந்து பல வருடம் புழக்கத்தில் இருந்த பிறகுதான். சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகளால் குழப்பம், ஞாபகக் குறைவு வரலாம் என்ற கடுமையான எச்சரிக்கை 2018ல் வந்தது.

மருந்தை நிறுத்தலாமா?

கூடாது. பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறலாம். அப்படி மாறிய டிபிக்கு மத்திய அரசு 2024ல் அனுமதித்த 6 மாத சிகிச்சையில் லைனசோலிட் இருக்கிறது. அதுவும் நரம்பைத் தாக்கக்கூடியதே. கால் மரத்தால் டாக்டர் அளவைக் குறைப்பார், அல்லது மருந்தை மாற்றுவார்.

ஆனால் மரத்துப்போவது எக்ஸ்ரேயில் தெரியாது. நோயாளி வாய்திறந்து சொன்னால்தான் உண்டு. ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் வந்து வேலை பார்ப்பவரிடம் 'கால் எரியுதா?' என்று தமிழில் மட்டும் கேட்டால், தலையைத்தான் ஆட்டுவார்.