இரவில் அழும் நாய்க்குட்டி



சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை, செபமாலை முடிந்து மக்கள் கலைந்து சென்றபின், பத்து வயதுச் சிறுவன் ஒருவன் அட்டைப்பெட்டி ஒன்றை மார்போடு அணைத்தபடி பங்கு இல்லத்தின் வாயிலில் வந்து நின்றான். பெட்டிக்குள் பழுப்பு நிற நாய்க்குட்டி ஒன்று இருந்தது. "தோத்திரம் சாமி. இத நீங்க வச்சுக்கங்க சாமி. ராத்திரி பூரா கத்துது. இன்னைக்கும் கத்தினா சந்தையில கொண்டுபோய் விட்டிருவேன்னு அப்பா சொல்லிட்டாரு." சொல்லும்போதே அவன் குரல் தழுதழுத்தது.

தந்தையையும் குறை கூற இயலாது. விடியுமுன் எழுந்து ஆலைக்குச் செல்பவர் அவர்; மூன்று இரவுகளாகக் கண் மூடவில்லை. அண்டை வீட்டாரும் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தனர். ஆகவே, குட்டியைச் சில நாள் நம்மிடம் வைத்திருந்து பழக்கித் தருவதாகச் சிறுவனுக்கு வாக்களித்தோம். ஒரு சிறு குட்டியை உறங்கவைப்பது பெரிய காரியமா என்னும் எண்ணம் நமக்கு!

அவ்வெண்ணம் அன்றிரவே பொய்த்தது. வயிறு நிறைந்தால் உறங்கிவிடும் என்று கருதி, ஒரு கிண்ணம் பசும்பால் கொடுத்து, பின்கட்டிலுள்ள சாமான் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினோம். விளக்கை அணைத்த சில நிமிடங்களில் அழுகை தொடங்கிற்று. பத்து மணி ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று, இரண்டும் ஆயிற்று. இறுதியில் நாம் எழுந்து சென்று, செய்தித்தாளைச் சுருட்டி அதை அடித்தோம். குட்டி ஓடவில்லை. நடுங்கியவாறே ஊர்ந்து வந்து நமது காலடியிலேயே ஒண்டிக்கொண்டது. அடித்தவரையன்றி அதற்கு அவ்வீட்டில் வேறு எவரும் இல்லை. பொறுமையைக் குறித்து எத்தனையோ மறையுரைகள் ஆற்றியிருக்கிறோம். அந்நேரத்தில் அவற்றுள் ஒன்றும் நமக்குத் துணை வரவில்லை.

மறுநாள் காலைத் திருப்பலிக்குப் பின், கால்நடை மருத்துவமனையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் இதைக் கூறினோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "சாமி, இது தாயை விட்டு எத்தனை நாளாச்சு?" என்பதே. அதை நாம் எண்ணிப் பார்க்கவே இல்லை.

நாய்க்குட்டி பிறக்கும்போது அதன் கண் திறந்திராது, காதும் கேளாது. ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குப் பின்னரே கண் திறக்கும். தாயின் சூடும், உடன்பிறந்த குட்டிகளின் சூடுமே அதன் உலகம். எட்டு வாரமேனும் அது தாயுடன் இருக்க வேண்டும். அப்படி ஒட்டிக் கிடந்த உயிர், ஒருநாள் திடீரெனத் தனியறையில், இருளில், வெறுந்தரையில் விடப்படுகிறது. அதன் அழுகை பிடிவாதம் அன்று. தாயைக் கூப்பிடும் குரல். அடித்தால் அச்சம் மிகும். அச்சம் மிகுந்தால் உறக்கம் மேலும் அகலும்.

துள்ளி ஓடும் குட்டிக்குக் களைப்பே இல்லை என்று எண்ணுவதும் தவறு. இரண்டு மாதக் குட்டி ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் வரை உறங்கும். பிள்ளைகள் பகல் முழுதும் அதைக் கையில் எடுத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தால் அவ்வுறக்கம் கெடும். உறக்கம் கெட்ட குட்டி சோர்ந்து படுப்பதில்லை; அந்தி நேரத்தில் நிலைகொள்ளாமல் ஓடும்; கண்டதையெல்லாம் கடிக்கும். கைக்குழந்தை வளர்த்த தாய்மார்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அப்பெரியவர் நமக்குக் கற்பித்த ஒழுங்கை உங்களுக்கும் கூறுகிறோம். பகலில் உண்பதும், விளையாடுவதும், உறங்குவதும் நேரப்படி நடக்கட்டும். மாலையில் சிறிது நேரம் நன்றாக விளையாட விடுங்கள். படுக்கும் நேரத்திற்கு ஒரு மணி முன்னரே விளையாட்டை நிறுத்திவிடுங்கள். இரவு உணவை, உறங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்பாகவே கொடுத்துவிடுங்கள். பசும்பால் பல குட்டிகளுக்குச் செரிக்காது, வயிற்றுப்போக்கு உண்டாகும். நமது சாமான் அறையின் தரையே அதற்குச் சான்று! வெயில் காலத்தில் குடிநீரை மட்டும் மறுக்க வேண்டா.

அட்டைப்பெட்டியில் பழைய சேலையை மடித்து விரித்து, உங்கள் கட்டிலருகே வையுங்கள். தாய் படுத்திருந்த சாக்குத் துண்டு கிடைத்தால் அதையும் உள்ளே போடுங்கள். அந்த வாசனையே பாதி ஆறுதல். குளிர்ந்த இரவானால், வெதுவெதுப்பான நீர் நிரப்பிய புட்டியைத் துணியில் நன்கு சுற்றி அருகே வைக்கலாம். குட்டி சிணுங்கினால் கையைப் பெட்டிக்குள் தொங்கவிடுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

இவ்வயதில் இரண்டு மூன்று மணி நேரத்திற்கு மேல் சிறுநீரை அடக்க அதனால் இயலாது. ஆகவே படுக்குமுன் ஒருமுறையும், நள்ளிரவில் ஒருமுறையும், விடியுமுன் ஒருமுறையும் வெளியே கொண்டு செல்லுங்கள். அப்போது பேச்சும் வேண்டா, கொஞ்சலும் வேண்டா. காரியம் முடிந்ததும் மீண்டும் பெட்டிக்குள் விடுங்கள். அந்நேரத்தில் விளையாட்டுக் காட்டினால், இரவும் விளையாடும் நேரமே என்று அது கற்றுக்கொள்ளும். நன்றாக உறங்கப் பழகியபின், இரவுக்கு ஓரடியாகப் பெட்டியைத் திண்ணைப் பக்கம் நகர்த்தலாம்.

மற்றொன்றையும் பெரியவர் வலியுறுத்தினார். ஆறு முதல் எட்டு வாரத்திற்குள் முதல் தடுப்பூசியும், மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசியும் போடவேண்டும். குட்டியின் பல்லோ நகமோ பிள்ளைகளின் தோலைக் கீறிவிட்டால், ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். குட்டிதானே என்று இருந்துவிட வேண்டா.

இரண்டாம் இரவு பெட்டி நமது கட்டிலருகே இருந்தது. இரவுச் செபத்திற்குப் பின் தோபித்து நூலைத் திறந்தோம். இளைஞன் தோபியா தொலைநாட்டுக்குப் புறப்படும்போது தாய் அன்னா அழுகிறார். வானதூதர் இரபேல் உடன் செல்கிறார். நாயும் உடன் செல்கிறது. புறப்பட்ட அன்றிரவு அவர்கள் திக்ரீசு ஆற்றங்கரையில் தங்குகின்றனர். வீட்டைப் பிரிந்த அவ்விரவில் தோபியாவுக்குத் தூதர் இருந்தார், நாயும் இருந்தது. நம்மிடம் வந்த குட்டிக்கோ நாம் சாமான் அறையைக் கொடுத்தோம்.

அன்றிரவு மும்முறை எழுந்தோம். ஐந்தாம் இரவு ஒருமுறைதான். ஒன்பதாம் நாள் சிறுவனோடு அவன் தந்தையும் வந்தார். ஒழுங்கு அனைத்தையும் கேட்டுக்கொண்டபின், மகன் குட்டியோடு முற்றத்திற்குச் சென்ற நேரம் பார்த்து, "சந்தையில விட்டிருவேன்னு கோபத்துல சொன்னதுதான் சாமி. அவன் அத நம்பிட்டான்" என்றார். நாமும் அவரிடம் அந்தச் செய்தித்தாளைப் பற்றிச் சொன்னோம். சிறிது நேரம் இருவருமே பேசவில்லை.

விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு ஒவ்வாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2418-ஆம் பத்தியில் கற்பிக்கிறது. மனிதரின் துயர் துடைக்கச் செல்லவேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவது தகாது என்பதையும் அதே பத்தி சொல்கிறது. ஓர் அட்டைப்பெட்டிக்கும் பழைய சேலைக்கும் பணம் வேண்டியதில்லை. வேண்டியது சில இரவுகளின் உறக்கம். அதைவிட அரிதாகிய பொறுமை.

குட்டி இப்போது இரவு முழுதும் உறங்குகிறதாம். தொடக்க நாள்களில் நள்ளிரவில் எழுந்து அதை வெளியே கொண்டு சென்றவர் தந்தையே என்று அச்சிறுவனின் தாய் நம்மிடம் கூறினார். நமது சினச்சொல்லைச் சிறியோர் அப்படியே நம்பிவிடுகின்றனர். இருளில் நாம் நீட்டும் கையையும் அவ்வாறே நம்புகின்றனர். குட்டியானாலும் குழந்தையானாலும் இதுவே உண்மை.

உங்கள் இல்லங்களுக்கு இறைவன் அமைதியான இரவுகளை அருள்வாராக.