தங்கக் கட்டியைத் தபாலில் அனுப்பி விற்பது பற்றி

காஸ்ட்கோ கடைகள் 2023-இல் ஒரு அவுன்ஸ் தங்கக் கட்டிகளை விற்கத் தொடங்கியதிலிருந்து, அமெரிக்காவில் நடுத்தரக் குடும்பங்களின் வீட்டுக்குள்ளும் கட்டித் தங்கம் வந்துவிட்டது. அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் அதில் அடக்கம். 2025 அக்டோபரில் அவுன்ஸ் விலை 4,000 டாலரைத் தாண்டியபோது, வாங்கி வைத்தவர்களுக்கு விற்கும் எண்ணம் வந்தது இயல்பே. ஆனால் காஸ்ட்கோ விற்ற கட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. நல்ல விலை தரும் பெரிய வியாபாரிகளோ பெரும்பாலும் வேறு மாநிலத்தில் இருக்கிறார்கள். தபாலில் அனுப்பச் சொல்கிறார்கள். இந்த இடத்தில்தான் எல்லோரும் ஒரே குரலில் எச்சரிக்கிறார்கள். வழியில் திருடுபோகும், காப்பீடு கைகொடுக்காது, போய்ச் சேர்வதற்குள் விலை இறங்கிவிடும், வாங்குகிறவன் மாற்றி வைத்துவிட்டுப் போலி என்பான், ஆகவே குறைந்த விலையானாலும் பக்கத்துக் கடையில் நேரில் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள் என்கிறார்கள். அக்கறையோடு சொல்லப்படும் அறிவுரை இது. ஆனால் இது ஆபத்தைத் தவறான இடத்தில் தேடுகிறது. தங்கம் இந்த நிமிடத்தில் யார் பொறுப்பில் இருக்கிறது, என்ன விலைக்குப் பேசப்பட்டது என்ற இரண்டுக்கும் எழுத்தில் ஆதாரம் இருப்பதுதான் உண்மையான பாதுகாப்பு. அந்த ஆதாரத்தை நேரில் கொடுக்கல் வாங்கலைவிட அமெரிக்க அஞ்சல் துறையின் பதிவு அஞ்சல் உறுதியாகத் தருகிறது.

முதலில் திருட்டு. அமெரிக்காவில் தபால் திருட்டு பெருகியிருப்பது உண்மை. தபால்காரர்களையே மறித்துச் சாவிகளைப் பறிக்கும் அளவுக்குப் போனதால்தான் அஞ்சல் துறை 2023-இல் தனியாக ஒரு தடுப்புத் திட்டமே தொடங்க வேண்டியிருந்தது. ஆனால் அந்தச் சாவிகள் திறப்பது தெருவோர நீலப் பெட்டிகளையும் குடியிருப்புகளின் தபால் பெட்டிகளையும். பதிவு அஞ்சல் அந்தப் பெட்டிகளுக்குள் போவதே கிடையாது. அதை அஞ்சல் ஊழியரிடம் நேரடியாக ஒப்படைக்க வேண்டும். முழு மதிப்பையும் எழுதித் தர வேண்டும். வெளியே பிளாஸ்டிக் டேப் ஒட்டியிருந்தால் வாங்க மாட்டார்கள். மை ஊறிப் பிடிக்கும் காகித நாடாவால் ஒட்டி, ஒவ்வொரு விளிம்பின் மேலும் தேதி முத்திரை குத்த வேண்டும் என்பதே காரணம். நாடாவைப் பிரித்து மறுபடி ஒட்டினால் முத்திரை உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அதன் பிறகு பொதி மற்றத் தபாலோடு கலப்பதில்லை. பூட்டிய இடத்தில் இருக்கிறது. ஒரு ஊழியர் இன்னொருவருக்குக் கைமாற்றும்போதெல்லாம் கையெழுத்து வாங்குகிறார்கள். அதனாலேயே மெதுவாகப் போகிறது, ஒரு வாரம் இரண்டு வாரம்கூட ஆகலாம். அந்தத் தாமதத்தைக் குறையாகச் சொல்கிறவர்கள், ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஆகும் நேரம் அது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் ஊழியரே எடுத்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். அப்படி நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடைசியாகக் கையெழுத்துப் போட்டவர் யார் என்பது பதிவில் இருக்கும் இடத்தில் திருடத் துணிகிறவர் குறைவு.

பதிவு அஞ்சல் 1855 முதல் இருக்கிறது. 1958 நவம்பரில் வைர வியாபாரி ஹாரி வின்ஸ்டன், ஹோப் என்ற புகழ்பெற்ற வைரத்தை நியூயார்க்கிலிருந்து வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியபோது, பழுப்புத் தாளில் சுற்றிப் பதிவு அஞ்சலில்தான் அனுப்பினார். பத்து லட்சம் டாலருக்குக் காப்பீடு. மொத்தச் செலவு 145 டாலர் 29 சென்ட். அதில் தபால் கட்டணம் 2 டாலர் 44 சென்ட் மட்டும், மிச்சமெல்லாம் காப்பீட்டுக்கு. ஃபோர்ட் நாக்ஸ் கிடங்குக்கு 1937-இல் அரசின் தங்கம் போனதும் அஞ்சல் துறையின் பொறுப்பில்தான் என்பதைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் அதற்குத் தனி ரயிலும் ராணுவக் காவலும் இருந்தன; ஒரு குடும்பத்தின் சிறு பொதிக்கு அதைச் சான்றாகக் காட்டுவது நேர்மையாகாது. ஹோப் வைரத்துக்கு வழியில் அப்படிப்பட்ட படைக்காவல் எதுவும் இல்லை. ஆகவே அதுவே பொருத்தமான சான்று.

இரண்டாவது, காப்பீடு கைகொடுக்காது என்ற குற்றச்சாட்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதிதான் பலரைக் குழப்புகிறது. அவசரத் தபாலான பிரயாரிட்டி மெயில் எக்ஸ்பிரஸில் கட்டித் தங்கத்தை அனுப்பித் தொலைந்தால், விதிப்படி கிடைக்கும் உச்ச இழப்பீடு 15 டாலர். தனியார் கூரியர் ஒப்பந்தங்கள் பலவற்றில் கட்டித் தங்கம் ஏற்கப்படாத பொருள்களில் இருக்கும், அல்லது அதற்கான பொறுப்பு மிகச் சிறிய தொகையோடு நின்றுவிடும். வேகமும் கண்காணிப்பு எண்ணும் இருந்தால் பாதுகாப்பு என்று நம்பி இவற்றில் அனுப்பி ஏமாந்தவர்களின் கதைகள்தான் ‘தபாலை நம்பாதே’ என்ற பொது எச்சரிக்கையாக மாறிப் பரவுகின்றன. பதிவு அஞ்சலின் கதை வேறு. அதில் கட்டித் தங்கத்துக்கும் முழு மதிப்புக் காப்பீடு உண்டு. ஒரு பொதிக்கு உச்சவரம்பு 50,000 டாலர். பொதியை அனுப்பிய நாளிலிருந்து 60 நாளுக்குள் இழப்பீட்டுக் கோரிக்கையைப் பதிய வேண்டும், மதிப்புக்கு ஆதாரம் காட்ட வேண்டும். வாங்கியபோது கிடைத்த பில்லும், வியாபாரி எழுத்தில் அனுப்பிய கொள்முதல் உறுதிச் சீட்டும் அந்த ஆதாரங்கள். இவை இல்லாமல் அனுப்பிவிட்டுக் காப்பீட்டைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. இங்கே பேசுவது அமெரிக்காவுக்குள் செல்லும் தபாலைப் பற்றி மட்டும் என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். கட்டித் தங்கத்தைத் தபாலில் ஏற்காத நாடுகள் பல உண்டு. ஊரில் இருக்கும் பெற்றோருக்கோ உறவினருக்கோ அனுப்ப இது வழியல்ல.

விலை இறங்கிவிடும் என்ற பயத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. பெரிய வியாபாரிகள் அனுப்புவதற்கு முன்பே தொலைபேசியிலோ இணையத்திலோ விலையை முடித்துவிடுகிறார்கள். குறிப்பிட்ட சில வேலை நாட்களுக்குள் அனுப்பிவிட வேண்டும் என்பதே நிபந்தனை. பேசிய பிறகு விலை இறங்கினாலும் பேசிய தொகை வரும். ஏறினாலும் அதே தொகைதான். பின்வாங்கினால் வித்தியாசத்தை விற்கிறவரிடம் வசூலிக்கும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள். விலையை முடிக்காமல் ‘முதலில் அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம்’ என்கிறவருக்கு ஒரு கிராம்கூட அனுப்பக் கூடாது. பழைய நகைகளை உறையில் போட்டு அனுப்பச் சொல்லித் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்து, கைக்கு வந்த பிறகு சொற்ப விலை சொன்ன நிறுவனங்கள் 2009 வாக்கில் அமெரிக்காவில் பெயர் கெட்டது முக்கியமாக இந்தக் காரணத்தால்தான். அங்கே தபால் தன் வேலையைச் சரியாகவே செய்தது. முன்கூட்டிப் பேசிய விலை மட்டும்தான் இல்லை.

நேரில் கொடுப்பது பாதுகாப்பு என்ற நம்பிக்கைக்கு எதிராக அண்மைக் காலத்தின் மிகக் கசப்பான சான்று இருக்கிறது. அரசு அதிகாரிகள் என்று பொய் சொல்லி முதியவர்களை மிரட்டி, சேமிப்பைத் தங்கக் கட்டிகளாக மாற்ற வைத்து, வீட்டு வாசலுக்கே ஆள் அனுப்பி வாங்கிச் செல்லும் மோசடி பற்றி அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. 2024 ஜனவரியில் எச்சரித்தது. 2023 மே முதல் டிசம்பர் வரை மட்டும் இழப்பு 5.5 கோடி டாலருக்கு மேல். முகம் தெரிந்தது, கையில் கொடுத்தார்கள். ரசீது மட்டும் இல்லை. வாழ்நாள் சேமிப்பு இப்படிப் போன முதியவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது. தேர்ந்த வியாபாரிகளும் நேரில் வாங்கி ஏமாந்திருக்கிறார்கள். 2012-இல் நியூயார்க் மன்ஹாட்டனின் வைர வீதியில், உள்ளே டங்ஸ்டன் திணித்த பத்து அவுன்ஸ் கட்டிகள் பிடிபட்டன. டங்ஸ்டனின் அடர்த்தி தங்கத்தினுடையதற்கு ஏறத்தாழச் சமம் என்பதால் எடை காட்டிக்கொடுக்கவில்லை. அவை கைக்குக் கை வந்த கட்டிகள். விற்கிறவருக்கு வேறொரு கவலையும் உண்டு: கடைக்குள் கட்டியோடு நுழைந்து பணத்தோடு வெளியே வருகிறவரை யாரும் பின்தொடரலாம். இணையச் சந்தையில் தொடர்புகொண்ட முன்பின் தெரியாதவர்களோடு பொருள் மாற்றிக்கொள்ளக் காவல் நிலைய வளாகங்களிலேயே இடம் ஒதுக்கித் தரும் ஊர்கள் அமெரிக்காவில் இருக்கின்றன என்றால், நேரில் கொடுப்பதன் அபாயத்தைக் காவல்துறையினரே உணர்ந்திருக்கிறார்கள் என்று பொருள்.

கடைசிக் குற்றச்சாட்டுதான் வலுவானது. வியாபாரி கையெழுத்துப் போட்டு வாங்கியதோடு அஞ்சல் துறையின் பொறுப்பு முடிகிறது. பெட்டி காலியாக இருந்தது, கட்டி போலி என்று அவர் சொன்னால்? இதற்குத் தபாலில் பதில் இல்லை. அனுப்புவதற்கு முன் செய்யும் வேலையில்தான் இருக்கிறது. கட்டியின் தொடர் எண் தெரியும்படி படம் எடுக்க வேண்டும். தொழிற்சாலையின் தரச்சான்று அட்டையோடு மூடி வந்த கட்டியைப் பிரிக்கவே கூடாது. பொதியை அஞ்சலகத் தராசில் வைத்து எடை அச்சான ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். பெட்டி காலி என்ற பொய்யை அந்த எடை முறியடிக்கும். பொதியைக் கேமரா முன் திறக்கும் வழக்கமும், வாங்கும் விலையை நாள்தோறும் வெளியிடும் வழக்கமும், பல ஆண்டுத் தொழில்பெயரும் உள்ளவரா என்று விசாரிக்க வேண்டும். இவ்வளவும் பார்த்த பிறகும் சந்தேகம் இருந்தால் அவருக்கு விற்க வேண்டாம். நேரில் போயும் விற்க வேண்டாம்.

எச்சரிப்பவர்கள் பக்கம் முழு நியாயமும் இருக்கிற ஒரு இடம் உண்டு. அவுன்ஸ் 4,000 டாலர் விலையில், பன்னிரண்டு ஒரு அவுன்ஸ் கட்டிகளோடு ஒரு பொதியின் வரம்பு ஏறக்குறைய நிரம்பிவிடுகிறது. அதற்கு மேல் இருந்தால் தனித்தனிப் பொதிகளாக, தனித்தனி நாட்களில் அனுப்பலாம். ஆனால் ஒரு கிலோ கட்டி 32.15 அவுன்ஸ், அதன் மதிப்பு வரம்பைப் போல் இரண்டரை மடங்கு. அதை வெட்டிப் பிரித்து அனுப்ப முடியாது. அதைத் தபாலில் சேர்ப்பவர் பாதிக்கு மேற்பட்ட மதிப்பைக் காப்பீடு இல்லாமல் அனுப்புகிறார். கிலோ கட்டி வைத்திருப்பவர், வியாபாரியே தன் காப்பீட்டில் ஏற்பாடு செய்யும் கவச வண்டிச் சேவையைக் கேட்டு வாங்க வேண்டும். அதற்கான கட்டணத்தை விலை பேசும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.