சைக்கிளுக்கும் டிக்கெட் கொடுங்கள்

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரிலோ, உத்திரமேரூர் வட்டாரத்து உள்கிராமங்களிலோ காலை நேரத்தில் சாலையோரம் நின்று பார்த்தால் தமிழக அரசின் இரண்டு நல்ல திட்டங்கள் கண்ணெதிரே ஓடும். ஒன்று, மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் மிதித்துப் போகும் விலையில்லா சைக்கிள். இன்னொன்று, பெண்கள் கட்டணமின்றி ஏறிச் செல்லும் சாதாரணக் கட்டண நகரப் பேருந்து. முதல் திட்டம் 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கி, 2005-06 முதல் எல்லா மாணவர்களுக்கும் விரிந்தது. இரண்டாவது 2021 மே மாதம் வந்து, பிறகு ‘விடியல் பயணம்’ என்று பெயர் பெற்றது. இரண்டும் ஒரே சாலையில்தான் ஓடுகின்றன. ஆனால் சைக்கிளில் வந்தவர் பேருந்தில் ஏற வேண்டுமானால், சைக்கிளை ஒரு புளியமரத்தடியிலோ டீக்கடைக்காரரின் பொறுப்பிலோ விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். இறங்கும் ஊரில் மறுபடியும் நடைதான்.

அரசுப் பேருந்தில் சைக்கிளை ஏற்றிச் செல்வதற்குத் தெளிவான விதி வேண்டும். எந்தப் பேருந்தில், எந்த நேரத்தில், எத்தனை சைக்கிள், என்ன கட்டணம் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். பயணி படிக்கும் இடத்தில் அது ஒட்டப்பட வேண்டும். இதுவே நம் நிலைப்பாடு.

இது புதிய ஆசை அல்ல. மொஃபசல் பேருந்துகளின் கூரையில் கேரியரும் பின்புறம் இரும்பு ஏணியும் இருந்த காலத்தை நாற்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கீழே ஒருவர் சைக்கிளைத் தூக்கிக் கொடுப்பார். ஏணியில் பாதி ஏறி நிற்பவர் முன்சக்கரத்தைப் பிடித்து இழுப்பார். மேலே இருப்பவர் ஹேண்டிலைத் திருப்பிப் படுக்க வைத்து, தேங்காய் மூட்டைக்கும் வாழைத்தாருக்கும் நடுவே கயிற்றால் கட்டுவார். நடத்துநர் லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுப்பார். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். கேரியர்களும் ஏணிகளும் மறைந்தபோது அவற்றோடு இந்த வசதியும் போய்விட்டது. கூரையில் ஆளும் சுமையும் ஏறுவது ஆபத்து என்பதால் அந்த முறை போனதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் அதற்கு மாற்றாக ஒன்றையும் யோசிக்காமல் விட்டது தவறு.

இதனால் யாருக்கு இழப்பு? சைக்கிளையே கடையாக வைத்துப் பிழைப்பவர்களுக்குத்தான் முதல் இழப்பு. சாணை பிடிப்பவர், கோலமாவு விற்பவர், கீரைக்கட்டு கொண்டு போகிறவர், பாய் விற்பவர், குடை ரிப்பேர் செய்பவர் என்று இந்த மாவட்டத்தின் தெருக்களில் இன்றும் அவர்களைப் பார்க்கலாம். ஒருவரால் ஒரு நாளில் மிதிக்க முடிந்த தூரம்தான் அவருடைய வியாபாரத்தின் எல்லை. காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூருக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. சாணை பிடிக்கும் முதியவர் அதை மிதித்தே கடந்தால், போய்ச் சேரும்போது உழைக்க உடம்பில் தெம்பு இருக்காது. பேருந்தில் சைக்கிளோடு போய் இறங்கினால் சுற்றியிருக்கும் பத்துக் கிராமங்களும் அவருக்குக் கிடைக்கும். அவருக்கு யாரும் மானியம் தர வேண்டாம், கடனும் தர வேண்டாம். சைக்கிளுக்கு ஒரு டிக்கெட் கொடுத்தால் போதும்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பெரிய கம்பெனிகளின் நிரந்தரத் தொழிலாளர்களுக்கு கம்பெனி பஸ் உண்டு. சிறு பட்டறைகளிலும் ஒப்பந்த வேலையிலும் இருப்பவர்களில் பலருக்கு அது கிடையாது. ஷிப்ட் முடிந்து இரவில் பேருந்தை விட்டு இறங்குமிடத்திலிருந்து வீடு மூன்று நான்கு கிலோமீட்டர் உள்ளே இருக்கும். அந்த நேரத்தில் ஷேர் ஆட்டோ கிடைக்காது. தெருவிளக்கு எரியும் என்று நம்பவும் முடியாது. கையில் சைக்கிள் இருந்தால் கால் மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடலாம். குறிப்பாகப் பெண்களுக்கு அந்தக் கடைசி மூன்று கிலோமீட்டர்தான் வேலைக்குப் போவதா வேண்டாமா என்பதையே தீர்மானிக்கிறது. கட்டணமில்லாப் பேருந்து அவர்களை நிறுத்தம் வரை கொண்டுவந்து விடுகிறது. வீட்டு வாசல் வரை சேர்க்க சைக்கிள்தான் வேண்டும்.

பேரிடர் காலத்தில் இந்தத் தேவை இன்னும் கூர்மையாகத் தெரியும். 2021 நவம்பரில் பாலாற்று வெள்ளத்தில் வாலாஜாபாத்–அவளூர் தரைப்பாலம் சேதமடைந்தபோது, அக்கரைக் கிராமத்தார் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது. அத்தனை தூரத்தை சைக்கிளில் சுற்றுவது எல்லோராலும் ஆகிற காரியமல்ல. சைக்கிளை ஏற்றிக்கொள்ளும் பேருந்து இருந்தால், ஆற்றைச் சுற்றி வந்த பிறகும் அவரவர் சொந்தக் கால்களில் நிற்கலாம்.

இன்று ஒருவர் சைக்கிளோடு பேருந்து நிறுத்தத்துக்கு வந்தால் என்ன நடக்கும் என்பது அன்றைய நடத்துநரின் மனநிலையைப் பொறுத்தது. நடத்துநரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. டிக்கெட் இல்லாத லக்கேஜ் வண்டியில் இருந்து, வழியில் செக்கிங் ஏறிவிட்டால் மெமோ அவருக்குத்தான். சைக்கிளின் பெடல் பட்டு ஒரு பயணியின் சேலை கிழிந்தால் திட்டும் அவருக்குத்தான். எந்த விதியும் தன்னைக் காப்பாற்றாது என்று தெரிந்த ஊழியர் ‘ஏற்ற முடியாது’ என்று சொல்வது இயல்பு. விதி எழுதப்பட்டால் பயணிக்கு உரிமை கிடைக்கும், நடத்துநருக்குப் பாதுகாப்பு கிடைக்கும்.

விதி தெளிவாக இல்லாத இடத்தில் எளியவர்கள்தான் இறக்கிவிடப்படுகிறார்கள். 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுத் திரும்பிய மூதாட்டி ஒருவர், நாற்றம் அடிக்கிறது என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கப்பட்டார். 2024 பிப்ரவரியில் தருமபுரி மாவட்டம் அரூர் அருகே, மாட்டிறைச்சி எடுத்து வந்த பெண்ணை வழியில் இறக்கிவிட்டார்கள். திருநெல்வேலியில் பறை எடுத்துச் சென்ற கல்லூரி மாணவிக்கும் இதே அவமானம் நேர்ந்தது. குளச்சலிலும் அரூரிலும் ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். ஆனால் பணியிடை நீக்கம் என்பது அவமானம் நடந்து முடிந்த பிறகு வரும் மருந்து. எதை ஏற்ற வேண்டும், எதை மறுக்கலாம் என்று முன்கூட்டியே ஊழியருக்கும் பயணிக்கும் தெரிந்திருந்தால், அங்கே சாதிக்கும் அருவருப்புக்கும் நுழைய இடம் குறைந்திருக்கும். அந்த மீன்கூடையும் பறையும் ஏற வேண்டிய அதே உரிமையோடுதான் சைக்கிளும் ஏற வேண்டும்.

உத்திரமேரூர் மண்ணுக்கு இதில் ஒரு தனித் தகுதி உண்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், பொது ஆண்டு 919, 921இல், ஊர் வாரியங்களுக்கு யாரைத் தேர்ந்தெடுக்கலாம், யாருக்குத் தகுதியில்லை, குடவோலையை எப்படி எடுக்க வேண்டும் என்பதை ஊர்ச்சபை மண்டபத்துச் சுவரிலேயே வெட்டி வைத்த ஊர் இது. பொதுக் காரியத்தின் விதி பொது இடத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்த வட்டாரத்தில், பேருந்தின் உட்புறத்தில் ஒரு விதித்தாள் ஒட்டுவது பெரிய காரியமல்ல.

கூட்டம் என்ற எதிர்வாதம் நியாயமானது. படிக்கட்டில் மாணவர்கள் தொங்கிக்கொண்டு போகும் காலை எட்டு மணிப் பேருந்தில், ஆறடி நீளமும் ஏறத்தாழ 20 கிலோ எடையும் கொண்ட சைக்கிளை ஏற்று என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. ஆனால் காலை பத்து மணிக்கு மேல் மாலை மூன்று மணி வரையிலும், இரவு எட்டு மணிக்குப் பிறகும் இதே தடங்களில் பாதி இருக்கைகள் காலியாக ஓடுவதை யாரும் பார்க்கலாம். அந்த நேரத்தில் பின்புற இருக்கையை ஒட்டி ஓரிரு சைக்கிள்களை வார்ப்பட்டையால் கட்டி நிறுத்துவதில் யாருக்கும் இடைஞ்சல் வராது. தாழ்தளப் பேருந்துகளில் சக்கர நாற்காலிக்கென ஒதுக்கிய இடம் காலியாக இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தால் சைக்கிள்தான் இறங்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமே இல்லை.

அண்டை மாநிலங்கள் இதைச் செய்து பார்த்திருக்கின்றன. கேரளத்தில் கொச்சி மெட்ரோ 2020 நவம்பரில் ரயிலுக்குள் சைக்கிளைக் கட்டணமின்றி அனுமதித்தது. அடுத்த ஆண்டு நவம்பர் முதல் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் தன் தாழ்தளப் பேருந்துகளில் சைக்கிளையும் மின்ஸ்கூட்டரையும் கட்டணம் வாங்கிக்கொண்டு ஏற்ற முடிவு செய்தது. பெங்களூரு மாநகரப் பேருந்துகள் சிலவற்றின் முன்புறத்தில் இரண்டு சைக்கிள்களை நிறுத்தும் தாங்கிகள் பொருத்தப்பட்டன. அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 1990களிலேயே எல்லாப் பேருந்துகளுக்கும் இந்தத் தாங்கியைப் பொருத்தியது. இன்று அந்நாட்டில் பெரும்பாலான நகரப் பேருந்துகளில் அது இருக்கிறது. அங்கே விதி மிக எளியது. ஓட்டுநருக்குத் தெரியும்படி கையைக் காட்ட வேண்டும். முன்பக்கமாக வந்து சைக்கிளை நாமே ஏற்ற வேண்டும். இறங்கும்போது நாமே எடுக்க வேண்டும். தாங்கி நிரம்பியிருந்தால் அடுத்த வண்டிக்குக் காத்திருக்க வேண்டும்.

‘எல்லாப் பேருந்துகளுக்கும்’ என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. சில வண்டிகளில் மட்டும் வசதி இருந்தால், வரப்போகும் வண்டியில் அது இருக்குமா என்று தெரியாதவர் சைக்கிளோடு நிறுத்தத்துக்கு வரவே மாட்டார். பிறகு ‘யாரும் பயன்படுத்தவில்லை’ என்று கோப்பை மூடிவிடுவது அதிகாரிகளுக்கு எளிது. ஆகவே நூறு தடங்களில் தடத்துக்கு ஒரு வண்டி என்று தூவுவதைவிட, ஒரு தடத்தை எடுத்துக்கொண்டு அதில் ஓடும் அத்தனை வண்டிகளிலும் செய்வதே முறை. காஞ்சிபுரம்–உத்திரமேரூர் தடம் அதற்குப் பொருத்தமானது.

முன்புறத் தாங்கிக்கு ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியில் மாற்றம் செய்வதைத் தடுக்கிறது. வண்டியின் நீள அகலத்துக்கும் வரம்பு இருக்கிறது. முகப்பு விளக்கையும் நம்பர் பிளேட்டையும் மறைக்கவும் கூடாது. எனவே ஓடும் பழைய வண்டிகளில் வெல்டிங் வைத்துத் தாங்கி மாட்டுவது சரிவராது. புதிதாகக் கூண்டு கட்டும்போதே வடிவமைப்பில் சேர்த்து ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்குக் காலம் ஆகட்டும். ஆனால் உள்ளே ஏற்றிக்கொள்ள ஒரு சுற்றறிக்கையும் நான்கு வார்ப்பட்டைகளும் போதும். அதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டாம்.

விதி என்ன சொல்ல வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். கூட்டமில்லா நேரத்தில் ஒரு பேருந்தில் இரண்டு சைக்கிள் வரை ஏற்றலாம். சீருடையில் வரும் மாணவர்களுக்கும் பெண்களுக்கும் சைக்கிளுக்குக் கட்டணம் கூடாது, மற்றவர்களுக்கு அரை டிக்கெட். டிக்கெட் இயந்திரத்தில் சைக்கிளுக்குத் தனிப் பொத்தான் இருக்க வேண்டும், அப்போதுதான் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கு கிடைக்கும். ஏற்றுவதும் இறக்குவதும் பயணியின் பொறுப்பு. மறுத்தால் காரணத்தை நடத்துநர் சொல்ல வேண்டும். கடைசிப் பேருந்தில் மட்டும், இடம் இருக்கும்வரை மறுக்கவே கூடாது. சைக்கிள் பஞ்சராகி இருட்டில் நிற்கும் பிள்ளையை விட்டுவிட்டுக் கடைசி வண்டி போகக் கூடாது.

வருமானம் குறையும் என்பது மறுப்பதற்குக் காரணமாகாது, இதுபோன்ற சலுகை ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருக்கிறது. மகளிர் சுய உதவிக் குழுவினர் தங்கள் பொருட்களை 25 கிலோ வரை, 100 கிலோமீட்டர் தூரத்துக்குக் கட்டணமின்றி எடுத்துச் செல்ல அரசு 2025இல் வழி செய்தது. பெண்களின் உழைப்புக்குப் பேருந்து தோள் கொடுக்க வேண்டும் என்று ஏற்றுக்கொண்ட அரசு இது. 25 கிலோ மூட்டைக்குக் கிடைத்த இடம் 20 கிலோ சைக்கிளுக்கும் கிடைக்க வேண்டும்.

உச்ச நேரத்தில் சைக்கிளை ஏற்ற முடியாது என்று நாமே ஒப்புக்கொள்வதால், அந்த நேரத்துக்கு வேறு வழியும் செய்தாக வேண்டும். முக்கிய நிறுத்தங்களில் கூரையும் பூட்டுச் சங்கிலி மாட்டும் இரும்புக் கம்பியும் கொண்ட சைக்கிள் நிறுத்தத்தை ஊராட்சிகள் அமைக்கலாம். அரசு கொடுத்த சைக்கிள் வெயிலில் டயர் வெடித்து, மழையில் துருப்பிடித்து, இரண்டே ஆண்டில் பழைய இரும்புக் கடைக்குப் போவதைத் தடுக்க இதுவே வழி.

போக்குவரத்துத் துறை அமைச்சருக்கும், காஞ்சிபுரம் மண்டலத்தை உள்ளடக்கிய அரசுப் போக்குவரத்துக் கழக விழுப்புரம் கோட்ட நிர்வாக இயக்குநருக்கும் நம் வேண்டுகோள் இதுதான். மாநிலம் முழுமைக்குமான கொள்கை வரும்வரை காத்திருக்க வேண்டாம். காஞ்சிபுரம் மண்டலத்துக்கு மட்டும் ஒரு சுற்றறிக்கை விடுங்கள். காஞ்சிபுரம்–உத்திரமேரூர் தடத்திலும் ஏனாத்தூர் வழியாகச் செல்லும் நகரப் பேருந்துகளிலும் ஆறு மாதம் நடத்திப் பாருங்கள். வரும் ஜூன் மாதம் பள்ளிகள் திறப்பதற்கு முன் அந்த விதித்தாள் ஒவ்வொரு பேருந்திலும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.